அம்மாவின் விரல் கணக்கும் சிங்கப்பூர் விமானமும்

"ராத்திரி பதினொண்ணே காலுக்குக் கெளம்புது. காலையில ஆறு அஞ்சுக்கு எறங்குது. பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு..." அம்மா விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் வருதே பாப்பா. நீ நாலு மணி நேரம்தான்னு சொன்னியே?"

மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், 2013இல் நடந்த பேச்சு இது. அம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போக நான் ஊருக்கு வந்திருந்தேன். பயணச்சீட்டில் அச்சாகியிருந்த இரண்டு நேரங்களை வைத்து அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. நான் சொன்ன நாலு மணி நேரத்திலும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை அன்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "அங்க கடிகாரம் வேறம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறகு பலமுறை இதே வழியில் போய் வந்துவிட்டேன். படித்தும், கேட்டும், ஜன்னல் வழியே பார்த்தும் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்து, அன்று அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். முதன்முறையாகப் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

தூரம் எவ்வளவு?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். வெவ்வேறு இடங்களில் தேடினால் இருபது முப்பது கிலோமீட்டர் முன்பின்னாகக் காட்டும். காரணம் எளிது. சிலர் ஊரின் நடுவிலிருந்து ஊரின் நடுவுக்கு அளக்கிறார்கள், சிலர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. மீனம்பாக்கம் சென்னையின் தென்மேற்கில் இருக்கிறது. சாங்கி சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சில கிலோமீட்டர் கூடிவிடும்.

விமானிகள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். பூமி உருண்டையின் சுற்றளவை 360 பாகையாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகவும் பிரித்தால், ஒரு கலையின் நீளம்தான் ஒரு கடல் மைல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் பூமியின் வளைவு சுமார் 26 பாகை. அதை அறுபதால் பெருக்கினால் 1,570ஐ ஒட்டிய கடல் மைல் வரும். கப்பலில் போன நம் முன்னோர்களின் அளவுகோலைத்தான் ஆகாயத்தில் போகிறவர்களும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி எது என்று பார்க்க வீட்டில் ஒரு பூமி உருண்டை இருந்தால் போதும். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கெங்கே படிகிறதோ அதுதான் வழி. சென்னையிலிருந்து இழுத்தால் நூல் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனையை உரசி, சுமத்ராவின் தலைப்பகுதியான ஆச்சேவை ஒட்டி, மலாக்கா நீரிணையின் மேலாகச் சிங்கப்பூரில் போய் இறங்கும். இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்றே பள்ளியில் படித்தோம். அது பெருநிலப்பரப்புக்குத்தான் பொருந்தும். நாட்டின் உண்மையான தென்கோடி பெரிய நிக்கோபாரில் இருக்கும் இந்திரா முனை. அதற்கு அருகில்தான் இந்த வழி போகிறது. சென்னையை விட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பறந்த பிறகும் கீழே கிடப்பது நம் நாட்டு மண்தான்.

நாலு மணி நேரம் எங்கிருந்து வருகிறது?

இந்த வழியில் ஓடும் விமானங்கள் நடுவானில் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 2,900ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் மீதி எங்கே?

விமானம் முழு வேகத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் மேலேற வேண்டும். இறங்குவதற்கும் அதே அளவு நேரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதோடு பயணச்சீட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் விமானம் தரையை விட்டு எழும் நேரம் ஆகாது. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து, விமானத்தைப் பின்னால் தள்ளும் நேரம் அது. இறங்கும் நேரம் என்பதும் சக்கரம் தரையைத் தொடும் நேரம் இல்லை. வாயிலில் கொண்டுபோய் நிறுத்தி, மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயில் தேடிப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம். தாமதம் நேர்ந்தாலும் கெட்ட பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்ளும். அப்படித்தான் மூன்றரை மணி நேரம் நாலாகவும் நாலே காலாகவும் ஆகிறது.

ஓடுதளம் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் ஒரு விஷயம். விமானம் கூடியவரை எதிர்க்காற்றில்தான் எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். சென்னையின் முதன்மை ஓடுதளம் கிழக்கு வடகிழக்காகவும் மேற்கு தென்மேற்காகவும் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில் கடல் பக்கம் பார்த்து எழும்பும் விமானம் அப்படியே நேராக வழியைப் பிடித்துவிடும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்கே பார்த்து எழும்பி, அரைவட்டம் அடித்துத் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். ஜூலையில் ஏறினால் விமானம் ஊருக்குள்ளேயே போவதுபோல் தோன்றும். "வழி தப்பிப் போவுதா?" என்று ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னிடம் கவலையாகக் கேட்டார். திரும்பும்வரை பொறுங்கள் ஐயா என்றேன். இரண்டே நிமிடத்தில் மெரினாவின் விளக்குகள் ஜன்னலில் வந்துவிட்டன.

மேலே வீசும் காற்று

போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். தூரம் ஒன்றுதானே, விமானமும் ஒன்றுதானே? காற்று ஒன்றாக இல்லை.

டெல்லியிலிருந்து டோக்கியோவை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல், விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் காற்றாறு ஓடுகிறது. போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். போக ஏழரை எட்டு மணி நேரம் ஆகும் வழியில், திரும்பி வர ஒன்பதரை பத்து மணி நேரம் ஆகிவிடும்.

நம் வழியில் கதை வேறு. தென்னிந்தியாவின் மேலும் வங்காள விரிகுடாவின் தென்பகுதியிலும் அந்த மேற்குக் காற்றாறு எட்டுவதில்லை. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை, வானத்தின் உச்சியில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. கீழே நம் முகத்தில் அடிப்பது தென்மேற்குப் பருவக் காற்று. அதே நாளில் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் வேகமான கீழைக் காற்று. இதை ஆராய்ந்து 1958இல் உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்தக் காற்றின் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அதன் கீழ்ப்பகுதி விமானத்தைத் தொடும். ஆகவே ஆடி, ஆவணியில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு எதிர்க்காற்று. திரும்பி வருகிறவர்களுக்குத் துணைக்காற்று. கால் மணி நேரம் வரை வித்தியாசம் வரும். டோக்கியோ வழியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. பூமத்திய ரேகைப் பக்கத்து வழிகளின் நல்ல குணம் இது.

அதற்குப் பதிலாக இங்கே இடிமேகங்கள் உண்டு. வெயில் கொதிக்கும் கடலின் மேல் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் கோபுரமாக எழும். எந்த விமானியும் அதற்குள் நுழைய மாட்டார், சுற்றித்தான் போவார். சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து சூறைக்காற்றும் மழையும் வரிசைகட்டி வரும். அதை அங்கே 'சுமத்ரா' என்றே சொல்கிறார்கள். இரவு விமானங்கள் இறங்குவதும் அந்த நேரம்தான். இறங்க இடம் கிடைக்காமல் இருபது நிமிடம் வட்டமடித்த அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் புயல். போகிப் பண்டிகை அன்று விடியலில் டயரும் பழம்பாயும் எரித்த புகை பனியோடு சேர்ந்து ஓடுதளத்தையே மறைத்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே சில நாட்கள் மூடிக்கிடந்தது. இந்த நாட்களில் பயணம் வைத்தால் மறுநாள் காலையில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவின் கணக்கில் கூடிய இரண்டரை மணி நேரம்

இப்போது அம்மாவின் விரல் கணக்குக்கு வருவோம்.

சீட்டில் அச்சாகும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இரவு 11.15 என்பது இந்திய நேரம். காலை 6.05 என்பது சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே 6.05 ஆகும்போது மன்னார்குடியில் விடிகாலை 3.35. பதினொன்றே காலிலிருந்து 3.35 வரை எண்ணினால் நாலு மணி இருபது நிமிடம். அம்மாவின் விரல்கள் எண்ணிய ஆறு மணி ஐம்பது நிமிடத்தில் இரண்டரை மணி நேரம் கடிகாரம் தின்றது. திரும்பி வரும்போது அந்த இரண்டரை மணி நேரம் கையில் திரும்பக் கிடைக்கும். இரவு 8 மணிக்குச் சிங்கப்பூரில் ஏறினால் 9.35க்குச் சென்னையில் இறங்கலாம். சீட்டைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரப் பயணம்போல் இருக்கும்.

மனத்தில் வைத்துக்கொள்ள ஒரே விதி. போகும்போது சீட்டுக் கணக்கிலிருந்து இரண்டரையைக் கழியுங்கள். வரும்போது இரண்டரையைக் கூட்டுங்கள்.

இதில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. சூரியனை மட்டும் நம்பினால் இரண்டு ஊருக்கும் இந்த அளவு வித்தியாசமே இல்லை. பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிழக்கு மேற்கில் சுமார் 23.6 பாகை. பெருக்கினால் ஏறத்தாழ ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்தான். மீதி ஐம்பத்தைந்து நிமிடம் மனிதர்கள் சட்டம் போட்டுச் சேர்த்தது. 1905இல் சிங்கப்பூரின் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருந்தது. 1933இல் ஏழு மணி இருபது நிமிடம் ஆக்கினார்கள். 1941இல் ஏழரை. ஜப்பானியர் பிடித்திருந்த ஆண்டுகளில் டோக்கியோ நேரம். போர் முடிந்ததும் மீண்டும் ஏழரை. கடைசியாக 1982 ஜனவரி 1இல், மலேசியா தன் கடிகாரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் சேர்ந்து எட்டு மணிக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சரியாக இரண்டு மணி நேரமே வித்தியாசம். "சிங்கப்பூருன்னா ரெண்டு மணி நேரம் முன்னாடி" என்று, முன்பு அங்கே இருந்த என் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மறதியில் சொல்கிறார் என்று நாங்கள் திருத்துவோம். அவர் அங்கே இருந்த காலத்துக்கு அவர் சொன்னதுதான் சரி.

சட்டம் போட்டுச் சேர்த்த இந்த ஐம்பத்தைந்து நிமிடத்தைச் சிங்கப்பூரில் அம்மா தன் உடம்பால் கண்டுபிடித்தார். வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தவர், ஆறரைக்கும் வெளியே இருட்டாக இருப்பதைப் பார்த்து என்னை எழுப்பினார். "மணி தப்பா ஓடுதா பாரு. இன்னும் கருக்கல்லயே இருக்கு." சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், ஏழு மணியை ஒட்டித்தான் விழும். விடிவதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகியவருக்கு அந்த ஒரு மணி நேர இருட்டு கடைசி நாள்வரை பழகவில்லை.

தாத்தாவின் ஒரு வாரம்

தாத்தா 1956இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ரஜூலா கப்பல். 1926இல் கட்டி, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல் அது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல்தளத்திலும் கீழ்த்தளங்களிலும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். தாத்தா ஒரு தகரப் பெட்டி, ஒரு கோரைப்பாய், ஆத்தா கட்டிக்கொடுத்த அவல், வெல்லம், ஊறுகாய் ஜாடியோடு ஏறினார்.

கப்பலின் வேகம் மணிக்கு சுமார் 12 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் இருபத்திரண்டு. சைக்கிளை அழுத்தி மிதிக்கும் இளைஞனின் வேகம் அது. அந்த வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் மிதித்தால் வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கு சேர நாலைந்து நாள். அங்கே நின்று, கிள்ளான் துறைமுகத்தில் நின்று, சிங்கப்பூர் சேரும்போது ஒரு வாரம் ஆகிவிடும். "ஊரு கொஞ்சம் கொஞ்சமா வெலகிச்சு. ஏழு நாளு இருந்துச்சு அழுது முடிக்க" என்று தாத்தா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு நாகப்பட்டினத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர் போகும் கப்பல் பயணம் முடிந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கூத்தாநல்லூரை இன்றும் சின்ன சிங்கப்பூர் என்று சொல்வார்கள். டெல்டாக்காரர்களுக்குச் சிங்கப்பூர் வெளிநாடாக மனத்தில் பதிந்ததே இல்லை. "அக்கரைக்குப் போயிருக்காரு" என்றுதான் பேச்சு.

அதே கடலை இன்னொன்றும் கடந்தது

முதல் பயணத்தில் அம்மாவுக்கு ஜன்னல் ஓர இருக்கை. வெளியே இருட்டு. எதிரே திரையில் விமானம் எங்கே போகிறது என்று காட்டும் படம். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தேன். நிக்கோபார் தாண்டியதும் பண்டா ஆச்சே என்று படித்தேன்.

"அது சுனாமி கெளம்புன எடமில்ல?"

ஆமாம் என்றேன். அம்மா அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரைக்குச் சுமத்ராவின் கடலடியில் நிலம் பிளந்தது. ஒன்பது மணியை ஒட்டி அலை நாகப்பட்டினத்தில் இருந்தது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அம்மாவின் பள்ளித் தோழி ஒருவரும் அதில் இருந்தார்.

நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நாங்கள் உட்கார்ந்திருந்த விமானத்தின் வேகத்துக்கு அது அவ்வளவு குறைந்ததில்லை. தாத்தாவுக்கு நாலைந்து நாள் எடுத்த அதே கடலை அலை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிட்டது. அந்த இரண்டரை மணி நேரத்தில் யாராவது ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் கரையில் இருந்தவர்கள் ஓடியிருக்கலாம். சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. 2007இல்தான் ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. தூரம் குறைவதால் நல்லது மட்டும் விரைந்து வருவதில்லை. செய்தியும் அதே வேகத்தில் வர வேண்டும்.

வாசலிலிருந்து வாசலுக்கு

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். விமானம் எத்தனை மணி நேரம் பறக்கிறது என்பது விமான நிறுவனத்தின் கணக்கு. உங்கள் அம்மாவின் பயணம் வீட்டு வாசற்படியில் செருப்பை மாட்டும்போது தொடங்கி, உங்கள் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது முடிகிறது. அந்தக் கணக்கை நான் முதல்முறை போடவில்லை.

சென்னையிலிருந்து சீட்டு நாலாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தது. எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். இரவு ரயில். விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டையில் பெரியம்மா வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மாலை ஏழரைக்கே விமான நிலையம். பதினொன்றே காலுக்கு விமானம். காலையில் சாங்கியில் இறங்கி, குடிநுழைவு வரிசை, பெட்டி, டாக்சி என்று உட்லண்ட்ஸில் என் வீட்டுக்குள் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஊர்க் கணக்கில் ஐந்தரை. மொத்தம் முப்பத்தொன்றரை மணி நேரம். அதில் விமானத்துக்கு உரியது நாலு மணி இருபது நிமிடம் மட்டுமே. அம்மாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு நாள் படுத்தே இருந்தார். நான் மிச்சம் பிடித்த நாலாயிரத்தை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

அடுத்த முறை திருச்சியிலிருந்து எடுத்தேன். வானத்தில் அளந்தால் திருச்சி சென்னையைவிடச் சிங்கப்பூருக்குச் சற்றுத் தொலைவு, ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். ஆனால் மன்னார்குடியிலிருந்து சென்னைக்குத் தரையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டித்தான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, தஞ்சாவூர் வழியாகக் காரில் கிளம்பினோம். பத்தரைக்கு விமான நிலையம். 1.40க்கு விமானம். மறுநாள் சிங்கப்பூர் நேரம் பத்து மணிக்கு அம்மா என் வீட்டுச் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து வாசலுக்குப் பதினொன்றரை மணி நேரம். எண்பது கிலோமீட்டர் தொலைவான விமானம் இருபது மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதியைக் கவனியுங்கள். எங்கள் சித்தப்பாவின் சீட்டில் 15ஆம் தேதி 00.40 என்று இருந்தது. அவர் 15ஆம் தேதி இரவு விமான நிலையத்துக்குப் போனார். விமானம் முந்தின இரவே போய்விட்டது. 00.40 என்றால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்ப வேண்டும். பெரியவர்களிடம் தேதியைச் சொல்லாதீர்கள். "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கெளம்பணும்" என்று கிழமையோடு, சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். தப்பாது.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், இரண்டரை மணி நேர மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டோடு.

இரவு விமானத்தில் உண்மையில் தூங்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்கூட இல்லை. ஏறி உட்கார்ந்து சாப்பாடு வந்து விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம். இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுப்பிவிடுவார்கள். வயதானவர்களுக்குப் பகல் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். ஜன்னல் இருக்கையைவிட நடைபாதை இருக்கை அவர்களுக்கு வசதி. எழுந்து நாலு அடி நடந்தால் கால் வீக்கம் குறையும்.

கைபேசிக் கடிகாரம் இறங்கியதும் தானாக மாறிவிடும். கைக்கடிகாரம் மாறாது. அம்மா இரண்டாவது முறை தன் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தார். "ஒன் தம்பி இப்ப சாப்புட்டிருப்பான்" என்று தெரிந்துகொள்ள அவருக்கு அது வேண்டியிருந்தது. அதை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

வீட்டில் யாராவது "சிங்கப்பூர் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், இனி நாலு மணி நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊர் வாசலிலிருந்து தொடங்கி, வண்டி, காத்திருப்பு, விமானம், வரிசை, டாக்சி என்று ஒவ்வொன்றாக அவர்கள் விரலைப் பிடித்து எண்ணிக் காட்டுங்கள். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு சீட்டை எடுங்கள். நாலாயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, பக்கத்து விமான நிலையத்திலிருந்தே எடுங்கள்.